பழைய காருக்கு எந்த பிரேக் பேட்?

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் “மாருதி 800க்கு முன்பக்க பிரேக் பேட் கொடுங்க” என்று கேட்டால் மூன்று டப்பாக்கள் மேசைக்கு வரும். ஒன்று மலிவு. ஒன்று நடுத்தரம். மூன்றாவதில் பந்தயக் கார் படம் போட்டிருக்கும். விலை முதல் டப்பாவைப் போல இரண்டு மடங்கு. “மெட்டல் பேடுங்க, இதுதான் பெஸ்ட்டு” என்பார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. நானும் நம்பி அந்த மூன்றாவது டப்பாவைத்தான் வாங்கி வந்தேன்.

எங்கள் வண்டி 1996 மாடல். அப்பா ஓட்டி, அக்கா ஓட்டப் பழகி, கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தது. பிரேக்குக்கு பூஸ்டர் கிடையாது. மிதிக்கிற காலில் இருக்கிற பலம்தான் எல்லாம். புது பேட் போட்ட மறுவாரம், மார்கழிக் காலையில் வீட்டிலிருந்து கிளம்பி முதல் முக்கில் பிரேக்கை மிதித்தேன். பெடல் கல் மாதிரி இருந்தது. வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நின்றது. நாலைந்து கிலோமீட்டர் ஓடி, இரண்டு மூன்று சிக்னலில் நின்று கிளம்பிய பிறகு பிரேக் நன்றாகவே பிடித்தது. மறுநாள் காலை மறுபடி அதே கதை. மூன்று மாதத்தில் மெதுவாகப் போகும்போதெல்லாம் கிரீச்சென்று ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது.

மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க்கின் மேல் கட்டைவிரல் நகத்தை உள்ளிருந்து வெளியே ஓட்டிக் காட்டினார். கிராமஃபோன் தட்டு மாதிரி கோடு கோடாக இருந்தது, நகம் தட்டித் தட்டி நின்றது. “பேடு நல்லாத்தானுங்க தம்பி இருக்குது. உங்க வண்டிக்குத்தான் ஆகல” என்றார்.

அன்றிலிருந்து யார் பேட் பற்றிக் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: பேட்டில் நல்லது கெட்டது பார்ப்பதற்கு முன் அது எந்த டிஸ்க்கோடு உரசப் போகிறது, எந்தக் கால் மிதிக்கப் போகிறது, பின்சக்கரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். புது வண்டிக்குக் கம்பெனியே இதையெல்லாம் யோசித்து வைத்திருக்கும். இருபது, முப்பது வயதான வண்டிக்கு நாம்தான் யோசிக்க வேண்டும்.

பேட் செய்யும் வேலை

சைக்கிளில் பிரேக் கட்டை ரிம்மைக் கவ்வுவதைப் பார்த்திருப்பீர்கள். காரிலும் அதே சங்கதிதான். பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் அழுத்தம் பெற்று, காலிப்பர் என்கிற இடுக்கியில் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன், சக்கரத்தோடு சுற்றுகிற இரும்பு டிஸ்க்கை இரண்டு பேட்களுக்கு நடுவில் வைத்து நெரிக்கும். பேட் என்பது ஓர் இரும்புத் தகடும், அதில் ஒட்டிய ஒரு செங்கல் துண்டு மாதிரியான பொருளும். அந்தச் செங்கல் துண்டு எதனால் ஆனது என்பதுதான் நம் கேள்வி.

வண்டியின் ஓட்டம் எங்கும் மறைந்து போவதில்லை, சூடாக மாறுகிறது. எவ்வளவு சூடு? மாருதி 800 வெறும் வண்டியாக ஏறக்குறைய 650 கிலோ. நாலு பேரும் ஒரு பெட்டியும் ஏறினால் 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற அந்த வண்டியை ஒரே மிதியில் நிறுத்தினால் வெளிப்படும் சூடு, முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். ஐந்து ஆறு டம்ளர் டீ போடலாம். அதே வண்டி ஆயிரம் மீட்டர் உயரமுள்ள மலையிலிருந்து இறங்கும்போது கணக்கு முப்பது லிட்டருக்கு வந்துவிடுகிறது, அதாவது அண்டா நிறையக் கொதிக்கும் வெந்நீர். கீழ் கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும்; காற்றும் கொஞ்சம் தடுக்கும். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவருக்கு அத்தனையும் முன்சக்கர டிஸ்க்கிலும், பின்சக்கரத்தில் இருக்கும் உருளை மாதிரியான டிரம்மிலும்தான் இறங்குகிறது. கொல்லிமலையில் காரவள்ளிக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. இறங்கும்போது முதல் அல்லது இரண்டாம் கியரில் மட்டுமே வரச் சொல்லி அங்கே பலகை வைத்திருப்பது சும்மா இல்லை.

ஆக ஒரு பேட், குளிர்ந்திருக்கும்போதும் கவ்வ வேண்டும், சூடேறினாலும் பிடியை விடக் கூடாது, டிஸ்க்கைத் தின்னக் கூடாது, கத்தக் கூடாது, சீக்கிரம் தேயவும் கூடாது. இந்த ஐந்தையும் ஒரே பொருளில் முழுதாகக் கொடுக்க இதுவரை யாராலும் முடியவில்லை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைகிறது. பேட் வகைகள் இத்தனை இருப்பதற்குக் காரணமே அதுதான்.

செருப்புத் தோலில் தொடங்கிய கதை

1888 ஆகஸ்ட்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். சுமார் 106 கிலோமீட்டர். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்து தீர்ந்துகொண்டே வந்தது. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் வண்டியை நிறுத்தி, கட்டைமேல் தோலை ஆணி அடித்துக் கொடுக்கச் சொன்னார். உலகின் முதல் பிரேக் லைனிங் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

ஒன்பது வருடம் கழித்து, இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர், குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பழைய பூட்ஸை பிரேக்கில் சொருகுவதைப் பார்த்துவிட்டு, இதைவிட ஒழுங்காகச் செய்யலாமே என்று இறங்கினார். அவர் பெயரில் உள்ள எழுத்துகளை மாற்றிப்போட்டு, கூட ஓர் எழுத்தையும் சேர்த்துப் பிறந்ததுதான் ஃபெரோடோ என்ற பெயர். முதலில் பருத்தி, பிசின். 1908 வாக்கில் கல்நார் வந்தது.

கல்நார் என்கிற ஆஸ்பெஸ்டாஸ் ஒரு கனிமம், ஆனால் பஞ்சு மாதிரி பிரியும். எரியாது, விலை குறைவு, பிசினோடு நன்றாகச் சேரும். எண்பது வருடம் அதுவே ராஜா. அதன் தூசி நுரையீரலில் போய்த் தைத்து, இருபது முப்பது வருடம் கழித்துக்கூடப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பது நிரூபணமான பிறகு ஒவ்வொரு நாடாக அதைத் துரத்தியது. பிரிட்டன் 1999இல் தடை செய்தது, ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005க்குள். இது உங்களுக்கு ஏன் தேவை என்றால், பழைய வண்டியின் டிரம்முக்குள் இன்றைக்கும் கல்நார் லைனிங் இருக்க வாய்ப்புண்டு. அம்பாசடர், பத்மினி, பழைய ஜீப் எதைத் திறந்தாலும் உள்ளே இருக்கும் கருந்தூசியை வாயால் ஊதாதீர்கள். பட்டறையில் ஏர் ஹோஸ் பிடித்து அடிக்கவும் விடாதீர்கள். தண்ணீரோ பிரேக் கிளீனரோ தெளித்து ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள்.

செங்கல் துண்டுக்குள் என்ன?

பேட் செய்வது கிட்டத்தட்ட மசாலா அரைக்கிற வேலை. பத்து இருபது சாமான்கள் போகும். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க ஃபீனாலிக் பிசின். உடையாமல் இருக்க நார். பிடி கொடுக்கக் கொஞ்சம் சொரசொரப்பான பொடி. அந்தப் பிடி அளவுக்கு மீறிப் போகாமல் இருக்க கிராஃபைட் மாதிரி வழுவழுப்பான ஒன்று. இடத்தை அடைக்க மலிவான நிரப்பி. அச்சில் கொட்டிச் சூடாக்கி அழுத்தினால் பேட். யார் எதை எவ்வளவு போடுகிறார்கள் என்பது கம்பெனி ரகசியம். சென்னையில் பாடி, அம்பத்தூர் பக்கம் 1960களிலிருந்து பிரேக் வேலையாகவே இருக்கும் பிரேக்ஸ் இந்தியா, ரானே போன்ற நிறுவனங்களும் தங்கள் கைப்பக்குவத்தை வெளியில் சொல்லாது.

இந்தக் கலவையில் எனக்கு மிகவும் பிடித்த சாமான் ஒன்று உண்டு. முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களின் விரல்களைக் கறுக்க வைத்துத் தோலை உரிக்கிற அதே எண்ணெய்தான். அதைக் காய்ச்சி இறுக வைத்துப் பொடித்தால் பழுப்புத் தூள் கிடைக்கும். உலகம் முழுக்க பிரேக் பேட்டில் அந்தத் தூளைச் சேர்க்கிறார்கள். பேட்டுக்குக் கொஞ்சம் மென்மை கொடுத்து, சத்தத்தைக் குறைத்து, பிடி ஏறி இறங்காமல் சீராக வைப்பது அதன் வேலை. பாயசத்தில் பருப்பு, பிரேக்கில் அதன் ஓடு.

இப்போது வகைகளுக்கு வருவோம். உலோகம் எவ்வளவு என்பதை வைத்தே பிரிக்கிறார்கள்.

முதல் வகை ஆர்கானிக். கல்நாரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கெவ்லார் என்கிற வலுவான செயற்கை நார், கண்ணாடி நார், ரப்பர் போன்றவற்றைப் போட்டது. பெட்டியில் என்ஏஓ என்று இருக்கும்; கல்நார் இல்லாத ஆர்கானிக் என்று அர்த்தம். மென்மையானது. சூடேறாமலே கவ்வும், சத்தம் குறைவு, டிஸ்க்கைத் தொந்தரவு செய்யாது. குறை என்னவென்றால் சீக்கிரம் தேயும். நீண்ட மலை இறக்கத்தில் 300 டிகிரியை ஒட்டிப் போகும்போது பிசின் கருகி வாயு கிளப்பும், பிடி சட்டென்று தளரும். பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. இதைத்தான் ஃபேடு என்கிறார்கள்.

இரண்டாவது, செமி மெட்டாலிக். எடையில் சுமார் 30 முதல் 65 சதவீதம் வரை இரும்பு நாரும் இரும்புத் தூளும். சூட்டுக்கு அஞ்சாது, நாள்பட உழைக்கும். நான் வாங்கி ஏமாந்த டப்பா இதுதான், ஏமாந்தது பேட்டின் தவறு இல்லை என்றாலும். சூடேறினால்தான் இதற்குப் பிடியே முழுதாக வரும். டிஸ்க்கை அறுக்கும். இரும்பு சூட்டைக் கடத்துகிற பொருள் என்பதால் டிஸ்க்கின் சூட்டில் ஒரு பங்கைத் தன் முதுகு வழியாகப் பிஸ்டனுக்கும் பிரேக் ஆயிலுக்கும் அனுப்பிவிடும். போதாக்குறைக்கு, மழையில் நனைந்த வண்டியை இரண்டு மூன்று வாரம் எடுக்காமல் நிறுத்தினால் இரும்பு நார் துருப்பிடித்து டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். மாதத்துக்கு இரண்டு முறை மட்டும் எடுக்கிற செல்ல வண்டிகளுக்கு, அதுவும் கடற்கரை ஊர்களில், இது பெரிய தலைவலி.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது லோ மெட்டாலிக். ஆர்கானிக் கலவையிலேயே பத்து முதல் முப்பது சதவீதம் உலோகம். சூட்டைக் கொஞ்சம் தாங்கும், குளிரிலும் ஓரளவு கவ்வும். கறுப்புத் தூசி நிறைய வந்து வீல் கப்பை அழுக்காக்கும், லேசாகச் சத்தம் போடும். அழகில்லை, ஆனால் காரியக்காரன்.

செராமிக்கைப் பற்றி நிறையக் குழப்பம். விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் வரும் கார்பன் செராமிக் டிஸ்க் வேறு, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது இரும்பு நாருக்குப் பதில் செராமிக் நார் போட்ட பேட். சத்தம் மிகக் குறைவு, தூசி வெளிர் நிறம், டிஸ்க்கையும் அதிகம் தேய்க்காது. விலைதான் கூட. உங்கள் வண்டிக்கு நல்ல கம்பெனி செராமிக் கிடைத்தால், ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர் தாராளமாகப் போடலாம். ஆனால் கேட்பாரில்லாத பெயரில் “செராமிக்” என்று எழுதி விற்பதை நான் தொடமாட்டேன்.

சொல்லாமல் விட மனமில்லாத ஒன்று: இந்த நாலு வகையிலுமே செம்பு போடுவது வழக்கமாக இருந்தது. அந்தத் தூசி மழைநீரோடு ஆற்றில் கலந்து சால்மன் மீன்களைப் பாதிக்கிறது என்று அமெரிக்காவின் வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2010இல் சட்டம் போட்டு, செம்பின் அளவை 2025க்குள் அரை சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரச் சொல்லிவிட்டன. இலைச் சின்னம் போட்ட பேட் டப்பாவைப் பார்த்தால் அதன் பின்னால் மீன் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டிக்கு மட்டும் ஏன் தனிக் கணக்கு?

முதலில் பூஸ்டர். எஞ்சினின் வெற்றிடத்தை வைத்து நம் மிதியைப் பல மடங்காக்கும் டப்பா அது. இப்போதைய கார்களில் ஏதோ ஒரு வகை பூஸ்டர் உண்டு. அது இல்லாத வண்டியில் பேட்டின் பிடி குறைந்தால் அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டியது உங்கள் கால். பிடியை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். 0.40 என்று இருந்தது 0.30 ஆகக் குறைந்தால், அதே தூரத்தில் நிற்க மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக மிதிக்க வேண்டும். முப்பது கிலோ பலம் போட்ட இடத்தில் நாற்பது. எனக்குப் பரவாயில்லை, எங்கள் அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி வேறு. திடீரென்று ஒரு மாடு குறுக்கே வரும்போது அந்தப் பத்து கிலோவுக்கு எங்கே போவார்?

அடுத்து டிஸ்க். இப்போதைய கார்களில் பலவற்றுக்கு முன் டிஸ்க் இரண்டு தட்டாக, நடுவில் காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டு இருக்கும். பழைய சின்ன கார்களில் ஒற்றைத் தட்டு, மெல்லிசு. சாதாரண வார்ப்பிரும்பு. சீக்கிரம் சூடேறும், கடினமான பேட்டைப் போட்டால் சீக்கிரம் தேயும். தேய்ந்தால் லேத் பட்டறையில் கொடுத்து மட்டம் பிடிக்கலாம்தான். ஆனால் எவ்வளவு தூரம்? டிஸ்க்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்சக் கனம் இவ்வளவு என்று வார்ப்பிலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போனால் தூக்கிப் போட வேண்டியதுதான். முப்பது வருட வண்டிக்கு நல்ல டிஸ்க் தேடி அலைவதைவிட, தேய்மானத்தை பேட் ஏற்றுக்கொள்ளட்டும் என்பது என் கட்சி. பேட் மலிவு.

மூன்றாவது, பின் சக்கரம். இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. பிரேக் போடும்போது வண்டி முன்னால் சாய்வதால் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரம் லேசாகிறது. அதனால் முன்பக்கம் அதிகம், பின்பக்கம் குறைவு என்று ஒரு விகிதத்தை வண்டி செய்தவர்கள் வைத்திருப்பார்கள். சக்கரம் பூட்டாமல் தானாகத் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத வண்டியில் அந்த விகிதத்தைக் காப்பாற்றுவதில் பேட்டுக்கும், டிரம்முக்குள் அதே வேலையைச் செய்யும் ஷூவுக்கும் பெரிய பங்கு உண்டு. முன்னால் குளிரில் கவ்வாத பேட்டைப் போட்டுவிட்டு, வண்டி நிற்கவில்லையே என்று ஓங்கி மிதித்தால், பின் டிரம் முதலில் பிடித்துக்கொள்ளும். ஈர ரோட்டில் பின்சக்கரம் பூட்டினால் வண்டி பின்பக்கமாகச் சுழலும். நேர்மாறாக முன்னால் அளவுக்கு மீறிக் கவ்வுகிற பேட் என்றால் முன்சக்கரம் பூட்டி ஸ்டியரிங் வேலை செய்யாமல் நேராக வழுக்கும்.

பிரேக் ஆயில் விஷயமும் உண்டு. டாட் 3 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பழையதானால் 140 வரை இறங்கலாம். டாட் 4க்கு 230, 155. பழைய வண்டியில் ஆயிலை மாற்றிப் பல வருடம் ஆகியிருக்கும். அதோடு சூட்டைக் கடத்துகிற மெட்டல் பேட்டும் சேர்ந்தால் மலை இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும். ஆயிலை நெரிக்க முடியாது, ஆவியை நெரிக்கலாம். பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போய்விடும். புது பேட் வாங்கப் போகிறவர் பேட் காசில் கொஞ்சத்தை எடுத்து ஆயிலையும் மாற்றிவிடுங்கள். பேட் வகையைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். உண்மையில் பல பழைய வண்டிகளில் இந்த ஆயில் ஒன்றை மாற்றினாலே பாதி வித்தியாசம் தெரியும்.

பேட்டின் ஓரத்தில் இரண்டு எழுத்து

டப்பாவில் எழுதியிருப்பது விளம்பரம். பேட்டின் ஓரத்தில் அல்லது முதுகுத் தகட்டில் நீளமாக ஒரு குறியீடு அச்சடித்திருக்கும், அதன் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். எஃப்எஃப், எஃப்ஈ, ஜிஜி என்று. முதல் எழுத்து மிதமான சூட்டில் எவ்வளவு பிடி, இரண்டாவது எழுத்து நல்ல சூட்டில் எவ்வளவு பிடி. ஈ என்றால் 0.25க்கும் 0.35க்கும் நடுவில், எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. எஃப்ஈ என்று இருந்தால் சூடேற ஏறப் பிடி குறைகிறது என்று புரிந்துகொள்ளலாம். மலைக்குப் போகிறவர் அதைத் தவிர்ப்பது நல்லது. ஈஈ என்பது பூஸ்டர் இல்லாத வண்டிக்குக் கால்வலி. ஜிஜி கேட்க நன்றாக இருந்தாலும் முன்னே சொன்ன விகிதத்தைக் கெடுக்கலாம். சாதாரணமாக எஃப்எஃப் என்று தேடினால் போதும்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை. முதல் எழுத்துக்கான சோதனையே ஏறக்குறைய 93 டிகிரியில்தான் தொடங்குகிறது. மார்கழிக் காலையில் முதல் முக்கில் என் பேட் என்ன செய்தது என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. என் மெட்டல் பேட்டிலும் எஃப்எஃப் என்றுதான் இருந்தது. அதனால் எழுத்தை மட்டும் பார்க்காமல் வகையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சத்தம், தேய்மானம், டிஸ்க்கை அறுக்குமா என்பதையும் இந்த எழுத்துகள் சொல்லாது.

ஐரோப்பாவுக்குப் போகும் பேட்களில் வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும், பக்கத்தில் 90ஆர் என்றும் இருக்கும். வண்டியோடு வந்த ஒரிஜினல் பேட்டின் பிடியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்ற விதிப்படி சோதித்தது என்று பொருள். பழைய வண்டிக்கு நமக்குத் தேவையானது இதேதான்: ஒரிஜினலைவிட நன்றாக வேண்டாம், ஒரிஜினல் மாதிரி இருக்கட்டும்.

சரி, எதைப் போடுவது?

800, ஜென், பழைய சான்ட்ரோ மாதிரி சின்ன கார், ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓடுகிறது, வருடத்துக்கு ஒருமுறை மலை ஏறும் என்றால் நல்ல கம்பெனியின் ஆர்கானிக், எஃப்எஃப். யோசிக்கவே வேண்டாம். மலை இறங்கும்போது இரண்டாம் கியரில் இறங்குங்கள்.

வீடே மலையில் இருக்கிறது, ஏற்காடு கொடைக்கானல் பக்கம், தினமும் ஏறி இறங்குகிறீர்கள் என்றால் லோ மெட்டாலிக். டிஸ்க் கொஞ்சம் சீக்கிரம் தேயும், அதை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். பூஸ்டர் உள்ள கனமான பழைய டீசல் ஜீப், ஆளும் சாமானும் ஏற்றிப் போகிற வண்டி, அதற்கும் இதுவேதான். கம்பெனியே செமி மெட்டாலிக் போட்டு அனுப்பியிருந்தால் அதை மாற்ற வேண்டாம். நான் செமி மெட்டாலிக்குக்கு எதிரியில்லை. அது போய்ச் சேர வேண்டிய வண்டிகள் இருக்கின்றன.

அம்பாசடர்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான அம்பாசடர்களில் நாலு சக்கரத்துக்கும் டிரம். பேட் கிடையாது, ஷூவும் லைனிங்கும்தான். டிரம்மில் ஒரு வேடிக்கை உண்டு. சுற்றுகிற டிரம், ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கமாகக் கவ்வ வைக்கும். நம் மிதிக்கு அது இனாமாகக் கொடுக்கிற பலம். ஆனால் இதனாலேயே லைனிங்கின் பிடியில் ஏற்படும் சின்ன வித்தியாசம்கூட பிரேக்கில் பெரிதாகத் தெரியும். இடது சக்கரத்துக்கு ஒரு கம்பெனி, வலதுக்கு இன்னொன்று என்று போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். எங்கள் ஊர் லாரிப் பட்டறைகளில் லைனர் அடிக்கிறவர்கள் ஒரு ஆக்சிலுக்கு ஒரே பெட்டியிலிருந்துதான் எடுப்பார்கள். கேட்டால் விளக்கம் சொல்லத் தெரியாது, ஆனால் மாற்றிச் செய்யவும் மாட்டார்கள். அம்பாசடருக்குக் கல்நார் இல்லாத ஆர்கானிக் லைனிங், ஆக்சிலுக்கு இரண்டு சக்கரமும் சேர்த்து, ரிவெட் தலை டிரம்மைத் தொடாத கனத்தில்.

டூப்ளிகேட் பற்றி ஒரு வார்த்தை. ஓரத்தில் குறியீடே இல்லாத பேட்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். தகட்டுக்கும் செங்கல் துண்டுக்கும் நடுவில் நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சூட்டில் அது தனியாகக் கழன்று விழும். ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தாலும் அப்படியே.

மாட்டிய பிறகு

பழைய வண்டியில் பேட்டை மட்டும் மாற்றிவிட்டு வருவது, சட்டையை மாற்றிக் குளிக்காமல் கிளம்புகிற மாதிரி. காலிப்பர் நகரும் பின்களைக் கழற்றி, துருவைத் தேய்த்து, அதற்கென்று உள்ள சூடு தாங்கும் கிரீஸ் போட வேண்டும். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பிவிடும். பிஸ்டன் ரப்பரையும், ஹோஸ் வெடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கோடு விழுந்த டிஸ்க்கின் மேல் புது பேட்டை அப்படியே வைக்காதீர்கள். கனம் மிச்சமிருந்தால் லேத்தில் மட்டம் பிடித்துவிட்டு வையுங்கள்.

பிறகு பழக்க வேண்டும். புது பேட்டும் டிஸ்க்கும் ஒன்றையொன்று இன்னும் முழுதாகத் தொட்டிருக்காது. மெக்கானிக் அண்ணன், இந்த முறை நடுத்தர டப்பா ஆர்கானிக் பேட்டை மாட்டிவிட்டு, சேந்தமங்கலம் ரோட்டில் கூட்டமில்லாத நேரத்தில் என்னை ஓட்டச் சொன்னார். ஐம்பது அறுபது வேகத்துக்குப் போய், பின்னால் யாரும் இல்லை என்று பார்த்து, அழுத்தமாக மிதித்துப் பத்துக்குக் குறைத்து, முழுதாக நிற்காமல் மறுபடி வேகம் எடுப்பது. நடுவில் அரை நிமிடம் காற்று வாங்க விட்டு, இப்படி எட்டுப் பத்து முறை. நாலாவது தடவையில் கருகல் வாசனை வந்தது. “வரட்டுங்க, பிசினு வேகுது” என்றார். கடைசியில் ஐந்து நிமிடம் பிரேக்கே தொடாமல் ஓட்டி ஆறவிட்டோம். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நின்றால் பேட்டின் அச்சு டிஸ்க்கில் ஒரே இடத்தில் படிந்து, பிற்பாடு பெடல் அதிரும்.

வண்டியின் டேஷ்போர்டில் அப்பா பெட்ரோல் கணக்கு எழுதிய நோட்டு ஒன்று கிடக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் அன்றைக்கு உள் பேட், வெளிப் பேட் இரண்டின் கனத்தையும் எழுதி வைத்தேன், இரண்டும் ஒன்றுதான். ஆறு மாதம் கழித்துச் சக்கரத்தைக் கழற்றி அளந்தபோது இடப்பக்கத்தில் பிஸ்டனை ஒட்டிய உள் பேட் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. பேட்டில் கோளாறு இல்லை. நகரும் பின் ஒன்று மறுபடி இறுகியிருந்தது. கழற்றிக் கிரீஸ் போட்டு மாட்டினோம். டிஸ்க்கில் கோடு எதுவும் இல்லை; அண்ணன் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சக்கரத்தை எடுத்து மாட்டினார்.